கைமாறும் கம்பியும் கடைமடை ஊரும்: தொலைத்தொடர்பு நிறுவனம் விற்கப்படும்போது கிராமத்தின் இணையத்தைக் காப்பது எப்படி?

காவிரிப் பாசனப் பகுதியில் நிலம் வாங்கியவர்களுக்குக் கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் ஒரு வாசகம் பழக்கமாக இருக்கும். நான்கெல்லையும் அளவும் சொல்லி முடித்த பிறகு, 'மாமூல் வண்டிப்பாதை, நடைபாதை, நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உட்பட' என்று பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வாங்குபவரின் மனம் அப்போது விலையிலும் முத்திரைத்தாளிலும்தான் இருக்கும். ஆனால் பத்து ஆண்டு கழித்து, மேலே இருக்கும் வயல்காரர் வாய்க்காலை அடைத்துவிட்டார் என்று தகராறு வந்தால், துணைக்கு நிற்பது அந்த ஒரு வரிதான். குத்தகைச் சாகுபடியிலும் இதே முறைதான். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நிலத்தின் சொந்தக்காரர் மாறினார் என்பதற்காக மட்டும் உழுதுகொண்டிருப்பவரை வெளியேற்ற முடியாது. வாங்கியவர் குத்தகைதாரரையும் சேர்த்தே வாங்குகிறார்.

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று இன்னொன்றின் கைக்குப் போகும்போது இந்த வரிக்கு இணையான ஒன்று எங்கே எழுதப்படுகிறது, அதை எழுதவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எழுதாமல் விட்டால் கிராமத்தின் அதிவேக இணையம் என்ன ஆகும் என்பதை, இத்துறையோடு பழக்கமில்லாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது விற்கப்படுகிறது?

இணையம் ஊருக்கு வரும் விதத்தை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறுகளாகவும் 'ஏ' வாய்க்கால், 'பி' வாய்க்கால் என்றும் இறங்கி, கடைசியில் கன்னி வாய்க்கால் வழியாக வயலின் மடையைத் தொடுகிறது. இணையத்திலும் நகரங்களை இணைக்கும் கண்ணாடி இழைப் பெருந்தடம்தான் ஆறு. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு வரும் இழை வாய்க்கால். ஊராட்சியிலிருந்து கம்பங்களின் மேல் வீட்டுக்கு வரும் கம்பியும், கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் அலையும் கன்னி வாய்க்கால். ஒரு வேறுபாடு உண்டு. ஆறு முதல் பெரிய வாய்க்கால் வரை பொறுப்பு கேட்க நீர்வளத்துறை என்ற ஒரே வாசல் இருக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு உரிமையாளர் இருக்கலாம். அவர்களில் எவர் வேண்டுமானாலும் தம் பங்கை மட்டும் விற்கலாம்.

இதனால்தான் பல விற்பனைகள் நம் கண்ணில் படுவதே இல்லை. சிம் அட்டையின் பெயர் அப்படியே இருக்கும். அந்த சிம் தேடிப்போகும் கோபுரம் வேறொருவருடையதாகியிருக்கும். 2020ஆம் ஆண்டில் பாரதி இன்ஃப்ராடெல், இண்டஸ் டவர்ஸ் ஆகியவை ஒன்றாக இணைந்தன. அதே ஆண்டில் ஜியோவின் கோபுரங்களில் புரூக்ஃபீல்டு என்ற கனடா நாட்டு நிறுவனத்தின் தலைமையிலான முதலீட்டாளர்கள் 25,215 கோடி ரூபாய் போட்டார்கள். 2024இல் அமெரிக்கன் டவர் நிறுவனத்தின் இந்தியக் கோபுரங்களும் புரூக்ஃபீல்டின் பக்கமே போயின. மன்னார்குடி சாலையில் வயலுக்கு நடுவே நிற்கும் கோபுரத்தின் கீழ் ஆடு மேய்ப்பவருக்கு இதில் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. நிலத்துக்கு வாடகை வாங்குபவருக்குக்கூட, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர் மாறிவிட்டது என்ற கடிதம் வரும்போதுதான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் விற்பனைகளும் உண்டு. 2018 ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் ஒரே நிறுவனமாயின. 2019 ஜூலையில் டாடாவின் கைப்பேசி வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லுக்குப் போனார்கள். கேபிள் வழி இணையம் தரும் ஹாத்வே, டென் ஆகிய இரண்டிலும் ரிலையன்ஸ் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக 2018இல் அறிவித்தது. இவையெல்லாம் வாங்குபவர் ஒருவர் இருந்து நடந்த கைமாற்றங்கள். வாங்க ஆளில்லாமல் போவது இதைவிடக் கடுமையானது. தமிழ்நாட்டில் தொடங்கி, ஒரு காலத்தில் இம்மாநிலத்தின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக இருந்த ஏர்செல், 2016இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைவதாக அறிவித்து, அந்த ஏற்பாடு 2017 அக்டோபரில் முறிந்து, 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனுப் போட்டது. கோபுர நிறுவனங்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கித் தகராறில் கோபுரங்கள் வரிசையாக அணைக்கப்பட்ட அந்த வாரங்களில், வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ளத் தேவையான குறுஞ்செய்தியை அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் மக்கள் கடைகளின் முன் நின்றார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு எண் மாற்றத்துக்கான குறியீடு கிடைக்கவும் அது 2018 ஏப்ரல் 15 வரை செல்லவும் வழி செய்தது. நகரத்தில் இருந்தவர் அடுத்த கடைக்குப் போய் வேறு சிம் வாங்கினார். அந்த ஒரே நிறுவனத்தின் கோபுரத்தை மட்டும் நம்பியிருந்த ஊரில் வேறு சிம் வாங்கினாலும் பயனில்லை.

கடைமடைக்கு ஏன் முதல் அடி?

கும்பகோணத்தில் ஒரு தெருவில் நூறு மீட்டர் கம்பி இழுத்தால் முப்பது வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைஞாயிற்றுக்குக் கிழக்கே அதே முப்பது வீட்டைத் தொட, வாய்க்கால் கரையோடு இரண்டு மூன்று கிலோமீட்டர் போகவேண்டியிருக்கும். வழியில் உப்புக்காற்று, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தரை, அடிக்கடி சாயும் கம்பம். மாதக் கட்டணமோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறுவனத்தை நடத்திக்கொண்டிருப்பவர் ஏதோ ஒரு காரணத்துக்காக இந்தக் கணக்கைக் கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். கடன் வாங்கி அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியவர் அப்படி இருக்க மாட்டார். வட்டி கட்டவேண்டியவர் முதலில் தேடுவது, எங்கே செலவு அதிகம், வரவு குறைவு என்பதைத்தான். அந்தத் தேடலில் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்கள் முதலில் அகப்படும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'உங்கள் ஊருக்கு இனிமேல் இணையம் கிடையாது' என்று எவரும் சொல்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் கம்பிவழி இணையம் கொடுத்துவந்த சிறிய நிறுவனம் ஒன்று கைமாறியது. முதல் மாதம் ரசீதின் தலைப்பு மட்டும் மாறியது. இரண்டாம் மாதத்திலிருந்து, எங்கள் ஒன்றியத்துக்கென்று இருந்த லைன்மேன் தம்பி மூன்று ஒன்றியத்துக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டியதாயிற்று. அறுந்த இழையை ஒட்டும் இயந்திரம் மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டது. அது திரும்பி வரும்வரை, வைக்கோல் லாரி இழுத்து அறுத்த கம்பி புளியமரக் கிளையில் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பதினோரு நாள். முன்பு மின்சாரம் போனாலும் மூன்று நான்கு மணிநேரம் தாங்கிய சந்திப் பெட்டியின் பேட்டரி, ஆயுள் முடிந்த பிறகு மாற்றப்படவில்லை. பிறகு மின்சாரம் நின்றால் இருபது நிமிடத்தில் இணையமும் நின்றது. கேட்டால், 'சேவை நடந்துகொண்டுதானே இருக்கிறது, அண்ணே' என்றார் தொலைபேசியில் பேசியவர். அவர் சொன்னதும் பொய்யில்லை. தண்ணீர் திறந்திருக்கிறது என்பதும் மடைக்கு வந்திருக்கிறது என்பதும் ஒன்றில்லை என்பது கடைமடை விவசாயிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணையம் நின்றால் நிற்பது பொழுதுபோக்கு மட்டும் என்று இன்னும் நினைப்பவர்கள் அறுவடைக் காலத்தில் ஒரு முறை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். விவசாயியின் பதிவு இணையவழியில் நடக்கிறது. நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்தால்தான் பொருள். இவற்றில் ஒன்று அரைநாள் நின்றாலும், குவித்துவைத்த நெல்லின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கவேண்டிய நிலைதான்.

பிறர் கண்ட அனுபவம்

விற்பனைக்கு அனுமதி கொடுக்கும்போதே கிராமத்துக்கான நிபந்தனைகளை எழுதிக்கொள்ளும் முறை அமெரிக்காவில் நெடுநாளாக இருக்கிறது. அங்கே தொலைபேசித் தடத்தின் உரிமம் கைமாற வேண்டுமானால், அது பொதுநலனுக்கு ஏற்றது என்று எஃப்.சி.சி. எனப்படும் மத்திய ஆணையம் ஒப்பவேண்டும். பல மாநிலங்களில் மாநில ஆணையமும் ஒப்பவேண்டும். அந்த ஒப்புதலைக் கொடுக்கும் கையே நிபந்தனையையும் எழுதும்.

வெரைசன் என்ற பெருநிறுவனம் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட் என்னும் மூன்று வடகிழக்கு மாநிலங்களில் இருந்த தன் கம்பித் தடங்களை ஃபேர்பாயிண்ட் என்ற நிறுவனத்துக்கு விற்பதாக 2007 தொடக்கத்தில் அறிவித்தது. விலை ஏறக்குறைய 270 கோடி டாலர். வாங்கியவர் தம்மைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றை வாங்கினார் என்பதுதான் அன்றே பலரை உறுத்தியது. வெர்மாண்ட் ஆணையம் முதலில் மறுத்தது. ஏற்பாட்டைத் திருத்திய பிறகுதான் ஒப்பியது. அதிவேக இணையத்தை இத்தனை ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும், பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் மாநிலங்கள் எழுதி வாங்கின. 2008 மார்ச் 31 அன்று கைமாற்றம் முடிந்தது. 2009 தொடக்கத்தில் பழைய நிறுவனத்தின் கணினி அமைப்பிலிருந்து தன் சொந்த அமைப்புக்கு மாறியபோது ரசீதுகள் குழம்பின, புதிய இணைப்புகள் தேங்கின, புகார் சொல்ல அழைத்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஃபேர்பாயிண்ட் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. நிபந்தனைகள் காகிதத்தில் இருந்தன. அவற்றை நிறைவேற்றவேண்டியவரின் கையில் பணம் இல்லை.

ஆகவே நிபந்தனை எழுதுவது வீண் என்று முடிவுகட்டுவது தவறு என்பதே என் எண்ணம். எழுதி வைத்திருந்ததால்தான், திவால் முடிந்து 2011இல் நிறுவனம் மீண்டபோது அந்தக் கடமைகளைப் பற்றி மாநிலங்களால் உட்கார்ந்து பேச முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கிராமங்களுக்கு இடமே இருந்திருக்காது. வாங்குபவரின் கடன் சுமையையும், இரண்டு நிறுவனங்களின் கணினிகள் மாறும் நாளையும் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும் என்பதே அதில் கிடைக்கும் பாடம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. அதே வெரைசன் 2010 ஜூலையில் 14 மாநிலங்களின் தடங்களை ஃபிராண்டியர் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதற்கு ஒப்புதல் தரும்போது மத்திய ஆணையம், 2013 இறுதிக்குள் அந்த வீடுகளில் 85 விழுக்காட்டுக்கு விநாடிக்கு 3 மெகாபிட், 2015 இறுதிக்குள் 4 மெகாபிட் வேகம் தரவேண்டும் என்று கெடு வைத்தது. கெடு, அளவு, விழுக்காடு எல்லாம் தெளிவு. ஆனால் மீதமுள்ள 15 விழுக்காடு யார்? எந்த நிறுவனமும் எளிதான 85ஐத்தான் முதலில் எடுக்கும். மலையடிவாரத்து வீடும் கம்பத்துக்கு வெகுதொலைவில் உள்ள பண்ணையும்தான் அந்த 15. கிராமத்துக்காக எழுதப்பட்ட நிபந்தனையின் உள்ளேயே ஒரு கடைமடை உருவாகிவிட்டது. ஃபிராண்டியர் 2020 ஏப்ரலில் திவால் மனுப் போட்டது. 2024 செப்டம்பரில் அதை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது யார் என்றால், விற்ற அதே வெரைசன்தான். பழைய செப்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை வந்த பிறகு அந்தச் சொத்தின் மதிப்பே வேறாகியிருந்தது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் தொலைத்தொடர்பு நிறுவனம் இணைவதற்கு ஒரே வாசல் கிடையாது. நிறுவனச் சட்டத்தின்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திட்டத்தை ஏற்கவேண்டும். போட்டி குறைந்து வாடிக்கையாளருக்குத் தீங்கு வருமா என்று இந்தியப் போட்டி ஆணையம் பார்க்கும். தேவைப்பட்டால் திருத்தம் சொல்லும். ஆழ்ந்த விசாரணைக்குப் போனால் பொதுமக்களின் கருத்தையும் கேட்கும். உரிமம் கொடுத்த தொலைத்தொடர்புத் துறை 2014 பிப்ரவரி 20 அன்று வெளியிட்ட இணைப்பு வழிகாட்டுதல்களின்படி, இணைப்புத் திட்டம் பற்றிய அறிவிப்பு துறைக்குப் போகவேண்டும். துறை தன் மறுப்பை 30 நாட்களுக்குள் சொல்லவேண்டும். இணைந்த நிறுவனத்தின் பங்கு ஒரு சேவைப் பகுதியில் 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஓராண்டுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், நாம் தேடிக்கொண்டிருக்கும் பாத்திய வாசகத்துக்கு, அதாவது உரிமையைச் சொல்லும் அந்தப் பத்திர வரிக்கு, மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இணையலாம், பிரியலாம், வாங்கப்படலாம். அப்படி உருவாகும் நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு இருந்த விதிமுறைகளுக்கும் கட்டணங்களுக்கும், அரசு விதிக்கும் பிற நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல வரிதான். ஆனால் பழைய பத்திரத்தில் இல்லாத பாத்தியம் புதிய பத்திரத்தில் தானாக முளைக்காது. பழைய நிறுவனம் உங்கள் ஊருக்குத் தன் விருப்பத்தில் இணையம் கொடுத்ததா, கடமையாகக் கொடுத்ததா என்பதுதான் கேள்வி. விருப்பத்தில் கொடுத்திருந்தால், வாங்கியவரைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. 'அரசு விதிக்கும் பிற நிபந்தனைகள்' என்ற சொற்களுக்குள்தான் கிராமத்துக்கான இடம் இருக்கிறது.

மூடுவதாக இருந்தாலும் ஒரு முறை உண்டு. ஒருங்கிணைந்த உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க விரும்பும் நிறுவனம் 60 நாள் முன்னதாகத் துறைக்கும், 30 நாள் முன்னதாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அறிவிப்புத் தரவேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஒரு மாவட்ட அளவில் வலையமைப்பு 24 மணிநேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவோ கால நீட்டிப்போ தரவேண்டும் என்று டிராயின் 2024ஆம் ஆண்டு சேவைத் தர ஒழுங்குமுறை சொல்கிறது.

இத்தனை பாதுகாப்பையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக் குறை தெரியும். எல்லாமே பெரிய பெரிய அலகுகளில் எண்ணப்படுகின்றன. சந்தைப் பங்கைக் கணக்கிடும் 'தமிழ்நாடு சேவைப் பகுதி' என்பது சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை. நம் பக்கத்தில் இருக்கும் காரைக்காலும் அதற்குள்தான் வரும். அந்தப் பரப்பில் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் நிறுவனம், முத்துப்பேட்டைக்குத் தெற்கே ஒரு குறிப்பிட்ட ஊரில் இரண்டு கோபுரத்தை ஒன்றாக்கி, அந்த ஊருக்கு ஒரே வழியாக மாறியிருக்கலாம். கணக்கில் அது தெரியாது. முடக்கத்துக்கான கழிவும் மாவட்ட அளவில். ஒரு கோபுரம் பத்து நாள் அணைந்து கிடந்தால் அது மாவட்ட முடக்கம் ஆகாது. எண்ணை மாற்றிக்கொள்ளும் உரிமையும் மாறிப்போக இன்னொரு சிக்னல் இருக்கும் ஊரில்தான் உரிமை. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்ற செய்தியை வாசித்துவிட்டு மடையில் நின்றுகொண்டிருக்கும் கடைமடைக்காரரின் நிலைதான் இது.

இன்னொன்று, அதிவேகம் என்றால் எவ்வளவு வேகம் என்பது. இந்தியாவில் அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) இணையம் என்று சொல்லிக்கொள்ள விநாடிக்கு 512 கிலோபிட் போதும் என்றிருந்த இலக்கணம் 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் ஆனது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அதை 100 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். விற்பனை நிபந்தனையில் 'அகன்ற அலைவரிசை சேவை தொடரவேண்டும்' என்று மட்டும் எழுதினால், நேற்றுவரை 50 மெகாபிட் வந்த ஊருக்கு நாளை 2 மெகாபிட் கொடுத்தாலும் வாங்கியவர் சொல் தவறியவர் ஆகமாட்டார்.

அரசுக் கம்பி குத்தகைக்குப் போனால்

தனியார் நிறுவனங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விடுபடும். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி, டான்ஃபிநெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இதற்கான பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டைத் தீர்வையாகப் பெறும் நிதியிலிருந்து வருகிறது. 2002 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். சுற்றிவளைத்துப் பார்த்தால், நாம் ஒவ்வொரு மாதமும் ரீசார்ஜ் செய்யும் பணத்தில் ஒரு துளி அந்த இழையில் ஓடுகிறது.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில், 2.86 லட்சம் கிலோமீட்டர் பாரத்நெட் இழையும், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களின் 14,917 கோபுரங்களும் இடம்பெற்றன. மொத்த மதிப்பு 35,100 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அது நேரடி விற்பனை கிடையாது. சொத்து அரசிடமே இருக்க, நடத்தும் உரிமையைக் காலவரையோடு தனியாரிடம் கொடுக்கும் குத்தகை. குத்தகை டெல்டாவுக்குத் தெரியாததா? மீன்குளத்தைக் குத்தகைக்கு விடும்போது ஊர்க்கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆடுமாடு தண்ணீர் குடிக்கும் துறையை வேலி போட்டு அடைக்கக் கூடாது, கோடையில் மீன் பிடிக்க மொத்தத் தண்ணீரையும் இறைக்கக் கூடாது. குத்தகைப் பணம் எவ்வளவு என்பதைவிட இந்த இரண்டுக்கும்தான் வாக்குவாதம் அதிகம் நடக்கும். ஊராட்சிக்கு வந்த இழை யாரிடம் குத்தகைக்குப் போனாலும், பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் போகும் கிளை அடைபடக் கூடாது. உள்ளூர்க் கேபிள்காரர் கட்டுப்படியாகும் விலையில் அதிலிருந்து இணைப்பு எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கும் துறை திறந்திருக்க வேண்டும். குளத்துக் குத்தகையில் பேசும் அந்த இரண்டு விதிகளுக்கு இணையானவை இவை.

நிபந்தனையை எப்படி எழுதவேண்டும்?

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, பயன்படும் நிபந்தனையின் இலக்கணம் ஓரளவு கிடைக்கிறது. அதில் வேகம் எண்ணால் சொல்லப்பட வேண்டும். அந்த எண் விற்பனைக்கு முந்தைய வேகத்துக்குக் குறையக் கூடாது. கெடு தேதியாக இருக்கவேண்டும்; 'இயன்றவரை விரைவில்' என்பது கெடு ஆகாது. இடம் ஊராட்சியின் பெயரால் குறிக்கப்பட வேண்டும். நான் எதைவிடவும் அழுத்திச் சொல்வது இதைத்தான். விழுக்காடு என்பது நிறுவனத்துக்குத் தப்பிக்கும் வாசல், ஊர்ப்பட்டியல் அப்படியல்ல. கிராமத்தில் கிடைத்த வருவாயிலிருந்து எவ்வளவு திரும்ப அந்தப் பகுதியிலேயே செலவழிக்கப்படும் என்பதும், கடைசிக்கட்டப் பணியாளர் எத்தனை பேர், பழுதை எத்தனை மணிநேரத்தில் சரிசெய்வார்கள், கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணிநேரம் தாங்கவேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, இருளில் சொந்தக்காரர்களின் குரலைக் கேட்க முடியாமல் நாட்களைக் கழித்த பகுதி இது. பேட்டரியைப் பற்றிய வரி இங்கே சில்லறை விஷயம் இல்லை. மீறினால் தண்டம் எவ்வளவு, அது அரசுக் கருவூலத்துக்குப் போகுமா, பாதிக்கப்பட்ட ஊரின் இணைப்புக்கே செலவாகுமா என்பதும் முன்பே முடிவாகவேண்டும். ஃபேர்பாயிண்டின் கதையை நினைவில் வைத்தால், வாங்குபவர் ஒரு தொகையைப் பிணைவைப்பாகக் கட்டவேண்டும் என்று கேட்பதும் நியாயமே. திவாலானவரிடம் தண்டம் வசூலிக்க முடியாது.

இவற்றையெல்லாம் கேட்கும் நேரம், ஒப்புதல் முத்திரை விழுவதற்கு முன்புள்ள சில மாதங்கள்தான். அதுவரை வாங்குபவர் பணிவாக இருப்பார். எதையும் பேசத் தயாராக இருப்பார். முத்திரை விழுந்த பிறகு நாம் கொடுப்பது புகார் மனு மட்டுமே.

ஊரில் செய்யக்கூடியது

ஒரு ஊராட்சி டெல்லிக்குப் போய் வாதாடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆணையங்கள் கருத்துக் கேட்கும்போது, 'எங்கள் ஊரில் இணையம் மோசம்' என்ற வரிக்கு எடை கிடையாது. தேதியும் எண்ணும் உள்ள பதிவேட்டுக்கு எடை உண்டு. டிராயின் மைஸ்பீடு செயலியில் எவரும் வேகத்தை அளக்கலாம். நிறுவனங்கள் தங்கள் சிக்னல் எட்டும் பகுதிகளின் வரைபடத்தை இப்போது இணையத்தில் வெளியிட்டாக வேண்டும். அந்த வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் தெருவில் உண்மையில் என்ன வருகிறது என்று நடந்து பார்த்து எழுதலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அதைத் தீர்மானமாக்கினால் அது அரசு ஆவணம். எந்தக் கோபுரம் யாருடையது, நில வாடகை ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, எந்தக் கம்பத்தில் யாருடைய கம்பி போகிறது என்பதையும் அதே பதிவேட்டில் சேர்த்துக்கொண்டால், அடுத்த முறை பெயர்ப்பலகை மாறும்போது எதைக் கேட்பது என்று தேடவேண்டியிருக்காது.

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில், முன்பு முறைப்பாசனத் தேதிகளை எழுதிவைத்திருந்த நீளமான கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கத்திலிருந்து, கல்லூரி முடித்த தங்கை ஒருத்தி இந்தப் பதிவைத் தொடங்கியிருக்கிறாள். காலை பத்து, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று மூன்று கட்டம். பெரும்பாலும் எண்கள்தான். ஐப்பசி அடைமழைப் பக்கத்தில் மட்டும், எண்ணுக்குரிய கட்டத்துக்குள் அடங்காமல், 'கரண்ட் போனது 7.10, டவர் போனது 7.32, மறுநாள் மதியம் வந்தது' என்று சாய்வாக எழுதியிருக்கிறது. அதே நோட்டை முன்பக்கமாகத் திருப்பினால், எந்தத் தேதியில் எந்த மடைக்குத் தண்ணீர் வந்தது, எதற்கு வரவில்லை என்பது பழைய கையெழுத்தில், ஏறக்குறைய அதே கட்டங்களில் இருக்கிறது.